அம்மாச்சி சொல்ற பெரும்புயல் 1952ஆ 1955ஆ? வேதாரண்யம் பக்கத்து ஆளுங்க கொஞ்சம் வாங்க

#1 புலத்துப்பய

எல்லாருக்கும் வணக்கம். நாலஞ்சு வருசமா இங்க படிச்சுட்டு மட்டும் போற ஆளு நான், இப்ப ஒரு பஞ்சாயத்துக்காக எழுத வேண்டியதாப் போச்சு. சொந்த ஊரு நாலுவேதபதி, பொழப்பு திருப்பூர்ல.

போன மாசம் பட்டா பேர் மாத்துற வேலையா ஒரு ஆபீஸுக்கு அம்மாச்சி ஆதாரையும் பெரிய மாமா ஆதாரையும் எடுத்துட்டுப் போனோம். கவுண்ட்டர்ல இருந்தவரு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு "ஏம்ப்பா அம்மாவுக்கும் மகனுக்கும் எட்டு வயசுதான் வித்தியாசமா"ன்னு கேட்டு பக்கத்து சீட்டுக்காரரையும் கூப்ட்டுக் காமிச்சு ரெண்டு பேருமா சிரிச்சாங்க. அம்மாச்சிக்கு 1-1-1945, மாமாவுக்கு 5-6-1953. அம்மாச்சிய யாரு எப்ப எந்த கேம்ப்ல பதிஞ்சாங்கன்னே தெரியல, மூஞ்சியப் பாத்து ஒரு வருசம் போட்டு விட்டாங்க போல.

வீட்டுக்கு வந்து அம்மாச்சிகிட்ட கேட்டா ஒரே பதில்தான், "பெரும்புயலுக்கு இவன் வயித்துல இருந்தான், எனக்கு அப்ப பதினெட்டோ பத்தொம்போதோ". எந்தப் பெரும்புயல் அம்மாச்சின்னா "அதான்டா பெரும்புயலு"ங்குது. மாமா 52ங்கறாரு, சின்னம்மா 55ங்கறாங்க, ரெண்டு பேரும் ஒரு வாரமா பேசிக்கறது இல்ல (நெசமாத்தான்). ரெண்டு புயலையும் பத்தி வீட்டுப் பெருசுங்க சொல்லிக் கேட்டவங்க யாராச்சும் இருந்தா எழுதுங்க. எப்படிப் பிரிச்சுக் கண்டுபுடிக்கிறது?

#2 சிங்கை_சின்னவன்

பெரும்புயல்னா 64தானே? தனுஷ்கோடி போன புயல். மாமாவுக்குப் பத்து வயசுக்கு மேல கொறஞ்சுரும், சந்தோசப்படுவாரு.

#3 அதிரை_காக்கா

சின்னவன் தம்பி, 64 டிசம்பர் 22, 23 புயல் ராமேஸ்வரம் பக்கத்துக் கதை. பாம்பன்லேருந்து போன பாசஞ்சர் ரயில் ஆளோட கடலுக்குள்ள போச்சு, பாலம் ஒடஞ்சுச்சு, தனுஷ்கோடிய மனுசன் குடியிருக்க லாயக்கில்லன்னு எழுதிட்டாங்க. வேதாரண்யத்துல அதப் பெரும்புயல்னு சொல்ல மாட்டாங்க.

எங்க அதிராம்பட்டினம் ராஜாமடம் பக்கம் பெரும்புயல்னா 55தான், பேச்சே கிடையாது. அது கரை ஏறுனதே ராஜாமடத்துலதான், 1955 நவம்பர் 30 ராத்திரியும் டிசம்பர் 1 விடியலும். 500 பேருக்கு மேல செத்துப்போனாங்கன்னு கணக்கு. எங்க வாப்பிச்சா (பாட்டி) சொல்லும், விடிஞ்சு பாத்தா வீடு எது வயல் எதுன்னு தெரியாம ஒரே தண்ணியா நின்னுச்சாம், மீனும் மாடும் ஒண்ணா மெதந்துச்சாம். ஆனா ஒங்க ஊருக்கு ரெண்டுமே அடிச்சிருக்கு, அதான் கஷ்டம்.

#4 மணல்மேடு

நல்ல இழை. முதல்ல தேதிகளை வரிசையா வச்சுக்குவோம், அப்புறம் பிரிக்கலாம்.

52 புயல், 1952 நவம்பர் 30, நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடந்துச்சு, கடல் தண்ணி உள்ள 8 கிலோமீட்டர் வரைக்கும் வந்துச்சுன்னு வானிலைத்துறை பதிவுல இருக்கு, சுமார் 400 பேர் சாவு. 55 புயல் காக்கா சொன்ன மாதிரி ராஜாமடம். 77 புயல் நவம்பர் 12 விடியக்காலை, நாகைக்குத் தெக்க 10 கிலோமீட்டருக்குள்ள, 560 பேர் போனாங்க, 10 லட்சம் பேருக்கு வீடில்ல, 23,000 மாடு. அடுத்த வாரமே ஆந்திராவுல திவிசீமை புயல் 10,000 பேரை வாரிட்டுப் போனதால நம்ம 77ஐ ஊரே மறந்துபோச்சு, நாமதான் ஞாபகம் வச்சுருக்கோம். அப்புறம் 2004 சுனாமி, 2008 நிஷா, 2018 கஜா.

நீங்க கேக்குறதுல சிக்கல் என்னன்னா 52ம் 55ம் கிட்டத்தட்ட ஒரே தேதி. ரெண்டும் கார்த்திகை மாசம் நடுவுல. "கார்த்திகையில வந்த புயல்"னு அம்மாச்சி சொன்னா ஒண்ணுமே சொன்னதா ஆகாது.

#5 புலத்துப்பய

அய்யோ அதத்தான் சொல்லுச்சு. "தீபத்தை ஒட்டி வந்துச்சு, அகல்ல ஊத்துன எண்ணெய் வீணாப்போச்சு"ன்னு சொல்லிச்சு. நான் இதுல பிடிச்சுடலாம்னு நெனச்சேன்.

#6 மணல்மேடு

அதுலயும் மாட்டிக்கிட்டோம். ரெண்டு வருசத்துக்கும் பௌர்ணமிக் கணக்கு போட்டுப் பாத்தேன். 52ல பௌர்ணமி டிசம்பர் 1ஆம் தேதி, புயல் அதுக்கு முந்தின நாள். 55ல பௌர்ணமி நவம்பர் 29, புயல் அதுக்கு அடுத்த ரெண்டு நாள்ல. அதாவது ஒண்ணு தீபத்தோட தீபமா வந்துச்சு, இன்னொண்ணு தீபம் முடிஞ்ச ஈரத்துல வந்துச்சு. எழுபது வருசம் கழிச்சு அந்த ரெண்டு நாள் வித்தியாசத்தை எந்த அம்மாச்சி சொல்லும். பௌர்ணமிக்குக் கடல் ஏத்தம் வேற ஜாஸ்தி, அதான் ரெண்டு புயலுக்கும் தண்ணி அவ்வளவு தூரம் உள்ள வந்துச்சு.

#7 உப்பளத்தான்

சுனாமியும் பௌர்ணமிதாங்க. மார்கழி திருவாதிரை அன்னிக்கு. எங்க அம்மா இப்பவும் பௌர்ணமின்னா கடக்கரைப் பக்கம் போக விடாது.

#8 கொண்டல்காத்து

உப்பளத்தான் அண்ணே, சுனாமிக்கும் பௌர்ணமிக்கும் சம்பந்தம் இல்ல, அது சுமத்ரா கிட்ட கடலுக்கடியில பூமி ஆடுனது. 77 அமாவாசையை ஒட்டி வந்துச்சு, கஜா வளர்பிறை அஷ்டமி. வர்றதுன்னா எந்தத் திதிக்கும் வரும்.

நான் ஆறுகாட்டுத்துறை. புலத்து தம்பிக்கு ஒரு வழி சொல்றேன். அம்மாச்சிகிட்ட வருசம் கேக்காத, தேதி கேக்காத, காத்து கேளு. கடக்கரை ஆளுங்க மத்தத எல்லாம் மறப்பாங்க, காத்த மறக்க மாட்டாங்க. புயல் இடஞ்சுழியா சுத்தும். புயலோட நடு நமக்கு வடக்கால நாகை பக்கம் போனா நமக்கு முதல்ல வாடை, அதாவது வடக்குக் காத்து அடிக்கும், அப்புறம் கச்சானுக்குத் திரும்பும், அதாவது நிலத்துலேருந்து கடலுக்கு. நடு நமக்குத் தெக்கால போய் ராஜாமடம் பக்கம் ஏறுச்சுன்னா நமக்கு வாடையிலேருந்து கொண்டலுக்குத் திரும்பும், நேரா கடல்லேருந்து மூஞ்சியில அடிக்கும். 52ன்னா கச்சான், 55ன்னா கொண்டல். மரம் எந்தப் பக்கம் பாத்து விழுந்துச்சுன்னு கேட்டா போதும்.

#9 அதிரை_காக்கா

மாஷா அல்லாஹ், இதுதான்யா கேள்வி 👏

#10 மல்லிகா_தேத்தாகுடி

மரம் விழுந்த பக்கம்னதும் கஜா ஞாபகம் வந்துருச்சு. எங்க கொல்லையில வடக்கேருந்து அடிச்ச காத்துல பாதி மரம் தெக்க பாத்து விழுந்துச்சு, அப்புறம் டக்குனு எல்லாம் நின்னுபோச்சு, இலை ஆடல. எங்க வீட்டுக்காரரு "முடிஞ்சுது"ன்னு டார்ச்ச எடுத்துட்டு வெளிய போயிட்டாரு. மாமியார்தான் கத்துனாங்க, "உள்ள வாடா, அது கண்ணு, இன்னொரு பக்கம் இருக்கு"ன்னு. அவங்க சொல்லி வாய மூடல, தெக்கேருந்து ஆரம்பிச்சுது. மிச்சம் நின்ன மரம் வடக்க பாத்து விழுந்துச்சு. விடிஞ்சு பாத்தா சீட்டுக்கட்ட கலைச்சுப் போட்ட மாதிரி கெடந்துச்சு. அந்த மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 77ல கத்துக்கிட்டேன்னாங்க.

77 எனக்கே ஞாபகம் இருக்கு, ஒம்போது வயசு, தீபாவளி முடிஞ்ச கையோட வந்துச்சு. தீபாவளிக்கு எடுத்த பாவாடைய நனையக்கூடாதுன்னு அரிசிப் பானைக்குள்ள சுருட்டி வச்சேன், கூரையோட பானையும் போச்சு. எங்க பக்கம் கடல் தண்ணி வரல, கூரைதான். ஓட்டு வீட்டுக்காரங்க ரெண்டே பேரு, ஊரே அந்த ரெண்டு திண்ணையில கெடந்தோம். வேற சாதி வீட்டுத் திண்ணையில நான் ஏறுனது அன்னிக்குத்தான் முதல் தடவை. மூணாவது நாள் எறங்கச் சொல்லிட்டாங்க, அது வேற கதை.

#11 சிங்கை_சின்னவன்

நாலுவேதபதின்னா அந்த கின்னஸ் ஊருதானே? ஒரே நாள்ல மரம் நட்டு சுனாமில தப்பிச்சதுன்னு படிச்சேன். அது நெசமா, இல்ல வாட்ஸப் கதையா?

#12 புலத்துப்பய

நெசம்தாங்க. 2002ல 24 மணி நேரத்துல 80,244 மரக்கன்னு நட்டோம், கின்னஸுக்காக. நான் அப்ப பத்தாவது, பள்ளிக்கூடத்தையே கூட்டிட்டுப் போய் நட வச்சாங்க. எங்களுக்கு பன்னும் டீயும் குடுத்தாங்கங்கறதுதான் பெரிய விசயமா இருந்துச்சு. சுனாமி கினாமின்னு ஒரு வார்த்தை யாருக்கும் தெரியாது, காத்து மணலை வாரிட்டு வந்து கொல்லைல கொட்டுது அதத் தடுக்கலாம், ரெக்கார்டும் பண்ணலாம், அவ்வளவுதான்.

ரெண்டு வருசத்துல சுனாமி. காலைல ஆறரைக்கு அங்க ஆடுன பூமிக்கு ஒம்போது மணி வாக்குல இங்க தண்ணி. நாகை மாவட்டத்துல மட்டும் 6,065 பேர், அக்கரைப்பேட்டை கீச்சாங்குப்பம் வேளாங்கண்ணியெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க ஊர்ல தண்ணி அந்த மரத்துக்குள்ள பூந்து வேகம் அடங்கிப்போய் வந்துச்சு, சாவு ரொம்ப ரொம்பக் கொறைவு. ஓடுறதுக்கு நேரம் கெடச்சுது. நான் நட்ட வரிசை எதுன்னு எனக்குத் தெரியாது, ஆனா நான் நட்டதுதான் தடுத்துச்சுன்னு இன்னிவரைக்கும் சொல்லிட்டுத் திரியறேன் 😀

#13 மணல்மேடு

இங்கதான் நான் கொஞ்சம் மாத்திப் பேசப்போறேன், திட்டாதீங்க. மரம் தடுத்துச்சுங்கறது முழுப்பொய் இல்ல, ஆனா முழு உண்மையும் இல்ல. சுனாமிக்கு அடுத்த வருசம் பரங்கிப்பேட்டை பக்கம் 18 கடலோரக் குப்பங்களை எடுத்துக்கிட்டு அலையாத்திக் காடும் கடலோர மரமும் இருந்த ஊர்ல சாவு கம்மின்னு ஒரு ஆய்வு வந்துச்சு. அதுக்கு அடுத்த வருசமே வேற சிலபேரு அதே நம்பர்களை எடுத்துத் திருப்பிப் போட்டுப் பாத்தாங்க. ஊரு கடல் மட்டத்துலேருந்து எவ்வளவு உசரம், கரையிலேருந்து எவ்வளவு தூரம், இந்த ரெண்டுமே பெரும்பாலான வித்தியாசத்தைச் சொல்லிடுது, மரத்தோட பங்கு அதுக்கப்புறம்தான்னாங்க. மரம் எங்க வளந்துருக்கும்? உசரமான எடத்துல, ஊருக்கும் கடலுக்கும் நடுவுல. அப்ப காப்பாத்துனது மரமா, உசரமா, தூரமா?

வேதாரண்யம் பக்கத்துக்காரங்களுக்கு இது தெரிஞ்ச விசயம்தான். நம்ம ஊரெல்லாம் மணல்மேட்டு வரிசையில ஒக்காந்துருக்கு. கடல் ஆயிரக்கணக்கான வருசமா கொஞ்சம் கொஞ்சமா வெலகிப்போய் ஒவ்வொரு தடவையும் ஒரு மணல் வரப்ப விட்டுட்டுப் போச்சு. மேட்டுல ஊரு, பள்ளத்துல வயலு. அந்தக் காலத்து ஆளுங்க பள்ளத்துல வீடு கட்டல. சுனாமிக்கு அப்புறம் நாம என்ன பண்ணோம்? மேட்ட சமம் பண்ணி சவுக்கு நட்டோம்.

#14 புலத்துப்பய

அண்ணே நீங்க சொல்றது சரியா இருக்கலாம், ஆனா அன்னிக்கு மரத்துக்கு உள்ள நின்னு பாத்தவங்க ஊர்ல இருக்காங்க. அலை வந்து மரத்துல மோதி சலசலன்னு பிரிஞ்சு போனதக் கண்ணால பாத்தவங்ககிட்ட போய் "உசரம்தான் காரணம்"னா அடிக்க வருவாங்க.

#15 கொண்டல்காத்து

ரெண்டு பேரும் சரிதான். ஆனா சவுக்கு விசயத்துல மணல்மேடு சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. சுனாமிக்கு அப்புறம் பணம் வந்துச்சுன்னு கரை நெடுக சவுக்கா நட்டாங்க. எங்களுக்குப் படகு இழுக்க எடமில்ல, வலை காயப்போட எடமில்ல, பங்குனி ஆமை முட்டை வைக்க மணல் இல்ல. அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் மண்டுன மணல்மேடு, அதுவாவே மணலைப் புடிச்சு வளர்ந்த மேடு. அத ஒடச்சுட்டு அதுக்கு மேல மரம் வச்சா என்ன பிரயோஜனம்?

#16 தென்னந்தோப்பு

பட்டுக்கோட்டைலேருந்து எழுதுறேன். இங்க எல்லாரும் மரம் காப்பாத்துச்சுன்னு பேசறதப் படிக்கறப்ப சிரிப்பா வருது, கோவமாவும் வருது. எங்களக் கொன்னதே மரம்தான்.

கஜா 2018 நவம்பர் 16, நடுராத்திரி தாண்டி வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவுல ஏறுச்சு. டிவில மணிக்கு 100லேருந்து 110, அப்பப்ப 120 கிலோமீட்டர்னு சொன்னாங்க. கடலோரத்துல ஏறுன புயல் உள்ள வந்தா செத்துடும்னுதான் நாங்க நெனச்சோம். எங்கப்பா "சத்தம் கேக்குது, ரயிலா"ன்னு கேட்டாரு. காலைல எந்திரிச்சுப் பாத்தா பக்கத்து ஊர் கோயில் கோபுரம் எங்க வீட்டு வாசல்லேருந்து தெரியுது. என் வாழ்நாள்ல அந்தக் கோபுரத்த வீட்லேருந்து பாத்ததே இல்ல, நடுவுல எங்க தோப்பு நின்னுச்சு.

மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபா நிவாரணம், ஹெக்டேருக்கு 175 மரம்னு கணக்கு. கொறை சொல்லல, குடுத்தாங்க. ஆனா விழுந்தது தாத்தா வச்ச மரம், அவரு வச்சப்ப எங்கப்பா கைக்கொழந்த. இப்ப வச்ச கன்னு காய்க்க ஆறேழு வருசம். நடுவுல என்ன திங்கிறது? எங்க தெருவுல பாதிப்பேரு திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போயிட்டான். புலத்துப்பய தம்பி, நீங்க எப்ப திருப்பூர் போனீங்க?

#17 புலத்துப்பய

2019 ஜனவரி. பொங்கல் கழிச்சு.

#18 உப்பளத்தான்

தென்னைய மட்டும் பேசாதீங்க. எங்க அகஸ்தியம்பள்ளி கோடியக்காடு கடினல்வயல் சேத்து 9 ஆயிரம் ஏக்கர் உப்பளம். கஜாவுக்கு ஓலை போட்டு மூடி வச்சுருந்த உப்பு அம்பாரமெல்லாம் கரைஞ்சு பாத்திக்குள்ள சேறு வந்து படிஞ்சுடுச்சு. வயல்ல சேறு வந்தா வண்டல்னு சந்தோசப்படலாம், பாத்தியில சேறு வந்தா உப்பு கருப்பாத்தான் வெளையும். அத வழிச்சு எடுத்து, தரைய மிதிச்சு மிதிச்சு இறுக்கி, திரும்பப் பாத்தி கட்டி தண்ணி பாய்ச்சி... நாங்க மனுசக் கணக்குலயே வர மாட்டோம், தென்னைக்கு மரக்கணக்கு, படகுக்குப் படகுக்கணக்கு, உப்பு வாருற கூலிக்காரிக்கு எந்தக் கணக்கு? ஒரு சீசன் போச்சுன்னா போச்சு.

புஷ்பவனத்துல கடல் சேறு கரையேறிக் கெடந்தது எல்லாரும் பாத்ததுதான். கரைய வந்து சேறு மூடுனத நான் அன்னிக்குத்தான் பாத்தேன், எங்க தாத்தா கூட அப்படிச் சொன்னதில்ல. கோடியக்கரை காட்டுல வெளிமான் செத்து காரைக்கால் வரைக்கும் கரை ஒதுங்குச்சு.

#19 சிங்கை_சின்னவன்

கஜாவுக்கு முன்னாடியே ஜனங்கள கவர்மெண்ட் முகாமுக்குக் கூட்டிட்டுப் போனதா டிவில பாராட்டுனாங்களே, அப்புறம் ஏன் அந்த ஜனங்க ரோட்ட மறிச்சாங்க? எந்தக் கட்சி பண்ண வேலை

#20 மட்டுறுத்துனர்

கட்சி அரசியல் இங்க வேண்டாம். அடுத்த பதிவு அப்படி வந்தா நீக்குவேன்.

#21 மல்லிகா_தேத்தாகுடி

கட்சி பேசாமலே பதில் சொல்றேன் சின்னவன் தம்பி. முதல் நாள் பாராட்டுனதும் சரிதான், மூணாம் நாள் மறிச்சதும் சரிதான். 80 ஆயிரம் பேருக்கு மேல முன்கூட்டியே முகாமுக்குக் கொண்டுபோனாங்க, இல்லேன்னா 52 மாதிரி 77 மாதிரி நூத்துக்கணக்குல போயிருப்போம். ஆனா சாகாம தப்பிச்சவன் மறுநாள் சாப்புடணும்ல? ஒரு லட்சத்துக்கு மேல கரண்டு கம்பம் சாஞ்சு போச்சு, மோட்டார் ஓடல, எங்க பக்கம் மணல் தண்ணி, குட்டை வெட்டி குடத்துல மொண்டு ஊத்தி மல்லி வளக்குற ஊரு, அந்தக் குட்டைல மரம் விழுந்து அழுகிக் கெடக்கு. குடிக்கத் தண்ணியில்ல. எங்களுக்கு கரண்டு வந்தது இருபத்தஞ்சாவது நாள். அதுவரைக்கும் அம்மியும் ஆட்டுக்கல்லும், மாமியாருக்குக் கொண்டாட்டம், "இப்பத் தெரியுதா"ன்னு.

#22 மணல்மேடு

அக்கா சொன்னதுல ஒண்ணு கவனிச்சீங்களா. 77ல கூரை வீடு, கூரை பறந்துச்சு, அடுத்த மாசம் கீத்து வாங்கி வேஞ்சுட்டாங்க. கஜாவுக்கு ஓட்டு வீடு, ஷீட்டு வீடு, போர்செட்டு, கரண்டு. ஆளு தப்பிச்சாச்சு, ஆனா திரும்பி எழுந்திரிக்க வருசக்கணக்காச்சு. சுனாமிக்கு அப்புறம் கடல்தண்ணி நின்ன வயலுக்கு ஜிப்சம் போட்டு, மழைத்தண்ணிய நிறுத்தி வடிச்சு, தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுது ரெண்டு மூணு போகத்துல நிலத்தத் திருப்பி எடுத்தோம். விழுந்த தென்னைக்கு அப்படி ஒரு குறுக்கு வழி இல்ல.

இன்னொண்ணு. சுனாமிக்கு எல்லாரும் தண்ணிக்குத் தயாரானாங்க, சுவரு கட்டுனாங்க, சவுக்கு நட்டாங்க, கரையிலேருந்து தள்ளி வீடு குடுத்தாங்க. வந்தது காத்து.

#23 அதிரை_காக்கா

எங்க பக்கம் அது தலைகீழ். கோடியக்கரைக்கு மேற்கால இருக்குற எங்களுக்கு இலங்கை குறுக்க நின்னதால சுனாமி பெருசாத் தெரியல. அதனால எங்காளுங்களுக்கு ஒரு தெனாவட்டு, "நம்ம கடல் சாது, பால்க் கடல் கொளம் மாதிரி"ன்னு. 55 பாத்த பெருசுங்க இருந்தவரைக்கும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. அவங்கெல்லாம் மவுத்தானதுக்கப்புறம்தான் இந்தப் பேச்சு. கஜா வந்து முத்துப்பேட்டை அலையாத்திய மொட்டையடிச்சுட்டுப் போச்சு.

புலத்து தம்பி, அம்மாச்சிகிட்ட காத்து கேட்டியா இல்லியா? நாங்க இங்க பேசிட்டே இருக்கோம்.

#24 புலத்துப்பய

கேட்டேன் காக்கா. நேத்து வீடியோ கால் போட்டு, சின்னம்மா போனைப் புடிச்சுக்கிட்டாங்க, மாமா வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு (பேச்சு இல்லல்ல, உள்ள வர மாட்டாரு). அம்மாச்சி சொன்னத அப்படியே எழுதுறேன்.

"சாயங்காலம் வாடை. வெளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் கூரை புடுங்க ஆரம்பிச்சுட்டு. அப்புறம் கொண்டலு. கடலு அங்கேருந்து வந்து கதவ இடிக்கிற மாரி. வாசல்ல நின்ன புளிய மரம் வீட்டுமேல சாஞ்சுட்டு, மேக்கால. ஒங்க தாத்தன் என்னைய மாட்டுக்கொட்டாய்க்கு இழுத்துட்டுப் போயி எருமை வயித்துக்கு அடியில படுக்க வச்சுச்சு. அந்தச் சூடு இல்லேன்னா அன்னிக்கே வெறைச்சிருப்பேன்."

வாசல் கிழக்கு பாத்த வாசல். இப்பவும் அதே மனைதான்.

#25 கொண்டல்காத்து

கொண்டல். மேக்கால சாஞ்சுது. 55. முடிஞ்சுது கேஸு.

#26 சிங்கை_சின்னவன்

மாமா பாவம் 😂

#27 மணல்மேடு

இருங்க, அவசரப்படாதீங்க. கொண்டல் சொல்றது நல்ல தடயம்தான், ஆனா நடு எவ்வளவு கிட்டப் போச்சுங்கறதப் பொறுத்து 52லயும் கொஞ்ச நேரம் கிழக்கத்திக் காத்து வீசியிருக்கலாம், புளியமரம் ஏற்கனவே சாஞ்ச மரமா இருந்திருக்கலாம். எனக்கு இன்னொரு யோசனை. 55 பௌர்ணமி அன்னிக்கு, நவம்பர் 29, சந்திர கிரகணம். ராத்திரி பத்தரை வாக்குல உச்சம், முழுசா இல்ல, ஓரமா ஒரு கடி. 52 கார்த்திகை பௌர்ணமிக்குக் கிரகணம் கெடையாது. வயித்துப்பிள்ளைக்காரின்னா கிரகணத்துக்கு வெளிய விட்டிருக்க மாட்டாங்க. புயலுக்கு முந்தின நாள் முந்தாநாள் ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. கிரகணம்னு நீங்க எடுத்துக் குடுக்காதீங்க, அதுவா சொல்லட்டும்.

#28 மல்லிகா_தேத்தாகுடி

கோர்ட்டுல கூட இப்படி விசாரிக்க மாட்டாங்க

#29 தென்னந்தோப்பு

மாமாவோட 5-6-53 பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதியாத்தான் இருக்கும். அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப தலையச் சுத்தி காதத் தொடச் சொல்லுவாங்க, தொட்டா அஞ்சு வயசு, ஜூன்ல ஒரு தேதி. எங்கப்பா அவரோட அண்ணன் தம்பி மூணு பேருக்கும் ஜூன்தான்.

#30 உப்பளத்தான்

எங்க வீட்ல நாலு பேருக்கும் ஜூன் 😀

#31 புலத்துப்பய

லேட்டாயிடுச்சு, கம்பெனில ஓவர்டைம். இப்பதான் பேசுனேன். "புயலுக்கு முன்னாடி என்ன அம்மாச்சி நடந்துச்சு"ன்னு மட்டும்தான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. அப்புறம், "முன்னாடி என்ன, மாமியாக்காரி என்னைய உள்ள போட்டு கதவ சாத்துனா. கிராணம் புடிச்சுருக்கு வெளிய வராத, எதையும் நறுக்காத, வாயில எதுவும் வைக்காதன்னு. மூத்திரம் பேயக்கூட விடல. அன்னிக்கு அவிச்ச பனங்கிழங்கு அப்படியே இருந்துச்சு. அது கழிஞ்சு மறுநா சாயங்காலமே காத்து எடுத்துட்டு. கிழங்கு அம்புட்டும் போச்சு" அப்படின்னுச்சு. புயலை விட அந்தக் கிழங்குக்குத்தான் இன்னும் வருத்தம்.

சின்னம்மா கைதட்டிட்டாங்க. மாமா வாசல்லேருந்து உள்ள வந்து, "அப்ப நான் 56ல பொறந்தவனா? ரிட்டையர்மெண்டுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா, மூணு வருசம் சம்பளம் போச்சே"ன்னாரு.

#32 அதிரை_காக்கா

😂😂 அல்ஹம்துலில்லாஹ். அப்ப அம்மாச்சி 36, 37ல பொறந்திருக்கும். அத்தனையும் பாத்திருக்கு. சலாம் சொல்லுங்க.

#33 மணல்மேடு

ஆதார்ல எப்படித் திருத்தப்போறீங்க? கிரகணத்த ஆவணமா ஏத்துக்க மாட்டாங்க.

#34 புலத்துப்பய

அது அடுத்த பஞ்சாயத்து அண்ணே. அதுக்குத் தனி இழை போடுறேன்.

#35 கொண்டல்காத்து

தம்பி, அம்மாச்சிகிட்ட 52 பத்தியும் ஒரு வார்த்தை கேளு. 55 பெரும்புயல்னா அதுக்கு மூணு வருசத்துக்கு முன்னாடி வந்தத என்னன்னு சொல்லும்? அப்ப அது கல்யாணம் ஆகாத பொண்ணு, எந்த ஊர்ல இருந்துச்சு?

#36 புலத்துப்பய

அதுவும் கேட்டேன். "அது எங்கம்மா வூட்ல. அது சின்னதுடா, அண்ணன் மட்டுந்தான் செத்துச்சு"ன்னுச்சு. அம்மாச்சிக்கு ஒரு அண்ணன் இருந்தாருங்கறதே எங்க யாருக்கும் தெரியாது, சின்னம்மாவுக்கே தெரியல. பேரு என்னன்னு கேக்குறதுக்குள்ள தூங்கிடுச்சு. நாளைக்கு கேக்கணும்.